தற்புகழ்ச்சியும் தன்வரைவும்

பிறநாட்டு வணிக முகாமைத்துவப் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்போர் தம்மைப் பற்றி எழுதும் கட்டுரை, நம்மவர் கையில் பெரும்பாலும் விண்ணப்பமாகவே நின்றுவிடுகின்றது. இக்குறை ஆங்கிலப் புலமைக் குறைவால் மட்டும் நேர்வதன்று. 1970களின் தரப்படுத்தல் முதல் இன்றைய இசட் புள்ளி வரை, இலங்கையில் பல்கலைக்கழக வாயிலைத் திறந்தது எண்ணேயாகும். கரவெட்டியிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதி வரும் மாணவரை, 'நீர் யார்?' என எவரும் வினவியதில்லை. ஸ்ரான்போர்ட் வணிகப் பள்ளியோ, உமக்கு மிக முக்கியமானது எது, ஏன் என்று கேட்கின்றது.

அடக்கங் கருதிச் சிலர் சான்றிதழ்களை வரிசைப்படுத்தி ஒதுங்குகின்றனர். வேறு சிலர் தலைமைத்துவம், அர்ப்பணிப்பு, விடாமுயற்சி என்னுஞ் சொற்களை அடுக்குகின்றனர். போரும் இடப்பெயர்வுங்கூட இரக்கம் வேண்டும் பின்னணியாகச் சுருங்கிவிடுகின்றன. அவற்றினிடையே எழுதுபவர் செய்தது யாது என்பது புலப்படுவதில்லை.

இக்கூச்சத்துக்கு மரபைக் காரணங் காட்டுவோர் நன்னூலைப் பாதியளவே படித்தோராவர். எத்துணைத் துறை கற்றவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாதென்ற பவணந்தியார், அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களுக்கு விலக்களிக்கின்றார். அரசவைக்கு ஓலைக்கவி வரையுமிடமும், தன் ஆற்றலை அறியாதார் முன்னிலையும் அவற்றுள் அடங்கும். கடல் கடந்த தேர்வுக் குழு இவ்விரண்டும் ஒருங்கே பொருந்தும் இடமன்றோ!

ஆயின் நன்னூல் தருவது அனுமதி, எழுதும் நெறியன்று. அந்நெறிக்குக் கரவெட்டியிற் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பியின் திறனாய்வு முறை துணை செய்யும். பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து 1970இல் பேர்மிங்ஹாமில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், ஆக்கத்தைச் சமூக உறவுகளினின்று பிரித்து நோக்க மறுத்தவர். தன்னை எழுதுவோருக்கும் இது பொருந்தும்.

வெங்காயச் செய்கையாளர் ஒருவரின் மகள், வீட்டுக் கணக்குக் கொப்பியைத் தானே எழுதி வந்ததைக் கூறுகின்றார் எனக் கொள்வோம். அறுவடை வேளையில் விலை விழுகின்றது. நெல்லியடிச் சந்தையில் உடனே விற்பதா, விதைக்கென ஒரு பங்கை நிறுத்துவதா, கடன் தந்தவருக்கு என்ன விடை கூறுவது என்று தந்தையோடு வாதிடுகின்றார். அவ்வாதத்தில் அவர் தோற்றிருப்பினுங் கேடில்லை. தலைமைத்துவம் என்னுஞ் சொல் அதன்பின் வேண்டியதேயில்லை. தந்தையும் கடன் தந்தவரும் பக்கத்தில் வந்து நின்ற பின்னரே 'நான்' உருப்பெறுகின்றது.

கட்டணம் பெற்று எழுதித் தருவோரும், இன்று அப்பணியைச் செய்யும் கணினியும், அந்த வாதத்தை அறியார். ஆதலின் முதற்படியைப் பார்வையிடும் விரிவுரையாளர் இலக்கணப் பிழைகளைப் பின்னர்த் திருத்தலாம். அன்றைய விலை யாது, எத்தனை அந்தர் நிறுத்திவைக்கப்பட்டது என்று முதலிற் கேட்டு, விடையை அந்த மாணவியையே எழுதச் செய்தல் வேண்டும்.