'பழகிடும்' என்கிற வடிவமைப்பு

ஒரு பொருளையும் கதையை வாசிப்பதுபோல வாசிக்கலாம். செய்தவர் யாரை மனதில் வைத்துக்கொண்டு செய்தார், எதைக் கவனித்தார், எதைக் கண்டும் காணாமல் விட்டார் என்று கேட்கலாம். அப்படி வாசிக்க நான் எடுத்துக்கொண்டிருப்பது, மின்வாரியத்தில் 'பெல்ட் ரோப்' என்று சொல்கிற சாமானை. இடுப்பில் கட்ட ஒரு பட்டை, இரண்டு பக்கமும் வளையம், கம்பத்தைச் சுற்றிப் போட்டு மாட்டிக்கொள்ள ஒரு கயிறு, கொக்கி. அவ்வளவுதான். கையுறை, எர்த் ராடு, பெல்ட் ரோப் இந்த மூன்றும் கம்பம் ஏறுகிறவரின் உயிர்ச் சாமான்கள். ஆனால் நாம் இவற்றைப் பற்றிப் பெரும்பாலும் விபத்துச் செய்தியில்தான் படிக்கிறோம். 'உரிய பாதுகாப்பு உபகரணங்கள் அணியாமல் ஏறியதால்' என்று ஒரு வரி வரும். அதோடு செய்தி முடிந்துவிடும்.

அந்த வரி ஒரு தீர்ப்பு. செத்தவர் மேலேயே எழுதப்படும் தீர்ப்பு. ஏன் அணியவில்லை என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. சோம்பல், அலட்சியம், தெனாவட்டு என்று வாசகரே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். உயிர்மேல் ஆசை இல்லாதவரா அவர்? வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கிற மனுஷன் தன் உயிரைக் காக்கிற சாமானை ஆபீஸ் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறார் என்றால், அந்தச் சாமானிடமும் ரெண்டு கேள்வி கேட்கத்தானே வேண்டும்?

முதலில் கம்பம். டெல்டாவில் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகக் கடல் வரைக்கும் வயலுக்குள் நிற்பவை பெரும்பாலும் கான்கிரீட் கம்பங்கள். எட்டு, ஒன்பது மீட்டர் நீளம். அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள். நான்கு பக்கமும் சப்பை, மேலே போகப் போக ஒடுங்கும். அமெரிக்காவில் லைன்மேன் என்றதும் நினைவுக்கு வருகிற படத்தில், அவர் காலோடு இரும்பு முள் கட்டிக்கொண்டு கம்பத்தில் குத்திக் குத்தி ஏறுவார். அது மரக் கம்பம், முள் இறங்கும். நம்முடைய கான்கிரீட்டில் முள் இறங்காது. பாதம் பதிய விளிம்பு இல்லை. ஏணி போகிற இடத்தில் ஏணி. போகாத இடத்தில் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, உள்ளங்காலால் உந்தி ஏற வேண்டியதுதான். சித்திரையில் கான்கிரீட் சுடும். ஐப்பசி கார்த்திகையில் நனைந்து வழுக்கும்.

அந்த ஐப்பசி கார்த்திகைதான் டெல்டாவில் கம்பம் ஏற வேண்டிய காலம். புயலும் மழையும் அப்போதுதான் வரும். சம்பாப் பயிரும் அப்போதுதான் வயலில் நிற்கும். பக்கெட் வைத்த லாரி ரோட்டோடு நின்றுவிடும். ஏணியை வயலில் ஊன்றினால் ஒரு கால் சேற்றில் இறங்கும். வரப்பில் நடந்து, நடவுக்குள் இறங்கி, முழங்கால் சேற்றோடு ஒருவர் கம்பத்தடிக்கு வந்து சேர்கிறார். அவர் கையில் நாம் கொடுத்திருக்கும் பொருள்தான் அந்தப் பட்டை.

இப்போது பட்டையைப் பார்ப்போம். மேலே போய்ச் சேர்ந்த பிறகு, கயிற்றில் சாய்ந்து இரண்டு கையையும் விட்டு வேலை செய்ய அது உதவும். அந்த வேலைக்குத்தான் அது செய்யப்பட்டது. ஆனால் ஏறும்போது? தெருவிளக்குக் கை, கேபிள் டிவி ஒயர், ஸ்டே கம்பி என்று கம்பத்தில் ஏகப்பட்ட இடைஞ்சல். ஒவ்வொன்றையும் தாண்டக் கயிற்றைக் கழற்றி மேலே மாட்ட வேண்டும். ஒரே ஒரு கயிறு இருந்தால், கழற்றுகிற அந்த நேரத்தில் ஆளைப் பிடித்துக்கொண்டிருப்பது அவர் கைதான். அதாவது ஆபத்து அதிகமான நொடியில் பட்டை வேலை செய்யாது. அசையாமல் நிற்கும்போதுதான் காப்பாற்றும். இதை ஏறுகிறவர் முதல் வாரத்திலேயே புரிந்துகொள்வார். அதன்பிறகு அந்தப் பட்டைமேல் எப்படி நம்பிக்கை வரும்?

விழும்போதும் அது முழு நண்பன் அல்ல. கயிறு கொஞ்சம் தளர்ந்திருந்து ஆள் சரிந்தால், விழுகிற வேகம் மொத்தமும் இடுப்பைச் சுற்றி ஒரே இடத்தில் இறங்கும். முதுகெலும்பும் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளும் அதைத் தாங்க வேண்டும். இதனால்தான் அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல், விழுகிறவரைத் தடுத்து நிறுத்தும் சாதனமாக வெறும் இடுப்புப் பட்டையை ஏற்பதில்லை. தோள், நெஞ்சு, தொடை எல்லாவற்றிலும் சுமையைப் பிரிக்கிற முழு உடல் ஹார்னஸ்தான் அங்கே விதி. நின்று வேலை பார்க்கச் சாய்மானமாக மட்டும் இடுப்புப் பட்டையை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த நாட்டிலும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. தேர்ந்த லைன்மேன் கம்பத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் எதையும் மாட்டாமல் போகலாம் என்ற விலக்கு அங்கே வெகுகாலம் இருந்தது. 2014-இல் விதியைத் திருத்தி, 2015 ஏப்ரலிலிருந்துதான் ஏறும் வழி முழுக்கப் பாதுகாப்பு வேண்டும் என்று ஆக்கினார்கள். 'பழகினவனுக்கு எதுக்குப் பெல்ட்டு' என்கிற பேச்சு நம்மூர்ச் சொத்து மட்டும் இல்லை. அங்கே அது சட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

நம் ஊரில் அந்தப் பேச்சு எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஆள் எடுக்கிற தேர்வில். 2019-இல் தமிழ்நாடு மின்வாரியம் கேங்மேன் பயிற்சிப் பணிக்கு 5,000 பேரை எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. ஐந்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும். ஆனால் உடல்திறன் தேர்வில் மின்கம்பம் ஏற வேண்டும். மேலே போய் கிராஸ் ஆர்ம் பொருத்த வேண்டும். வேலைக்குத் தேவையான திறமையைச் சோதிப்பது நியாயம்தான். நான் சொல்ல வருவது வேறு. அந்தத் தேர்வு, ஏறுவது என்பதை ஆளின் உடம்புக்குள் இருக்கிற ஒன்றாக வைத்துவிடுகிறது. யார் உடம்பு கம்பத்துக்குப் பொருந்துகிறதோ அவருக்கு வேலை. உடம்புக்குப் பொருந்துகிற சாமானைச் செய்வது யார் வேலை என்று யாரும் கேட்பதில்லை. தொடை உராய்ந்தால், நெஞ்சு சிராய்த்தால், "பழகிடும் தம்பி" என்பதே பதில். அந்த ஒற்றைச் சொல்தான் நம்முடைய உண்மையான வடிவமைப்புக் கொள்கை.

ஏறும் கலை நமக்குப் புதிதில்லை. பனையேறி தன் காலில் போடும் தளைநாரை எடுத்துக்கொள்ளுங்கள். பனை நாரில் செய்தது, ஏறுகிறவர் கால் அகலத்துக்கும் மரத்தின் பருமனுக்கும் பொருத்திக்கொண்டது. நெஞ்சு தேயாமலிருக்கத் தோல் கட்டிக்கொள்கிற வழக்கமும் உண்டு. செய்பவரும் போடுபவரும் ஒரே ஆளாகவோ ஒரே ஊராகவோ இருந்ததால், எங்கே உறுத்தும் என்பது செய்யும்போதே தெரிந்திருந்தது. ரொமான்டிக்காகச் சொல்லவில்லை, பனையிலிருந்து விழுந்து செத்தவர்களும் முடமானவர்களும் எத்தனையோ பேர். ஆனால் அந்தச் சாமானில் போடுகிறவரின் உடம்பு பற்றிய அறிவு இருந்தது. வாங்கிக் கொடுக்கப்படும் பட்டையில் அது இல்லை.

தென்னைக்கு நடந்தது இன்னும் சுவாரசியம். மரமேற ஆள் கிடைக்காமல் போனதும், காலால் மிதித்து ஏறுகிற கருவிகள் கேரளத்திலும் நம் பக்கத்திலும் பரவின. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் கேரளத்தில் 'தென்னை மர நண்பர்கள்' பயிற்சியைத் தொடங்கியது. அதுவரை மரமே ஏறாதவர்களும், பெண்களும் அந்தக் கருவியில் ஏறக் கற்றுக்கொண்டார்கள். ஆள் கிடைக்காதபோது, 'ஏறுபவருக்கு வசதியாக இருக்க வேண்டும்' என்பது திடீரென்று பொறியியல் கேள்வி ஆகிவிடுகிறது. மின்கம்பத்துக்கு அந்தக் கேள்வி வரவில்லை. வேலைக்கு வரிசையில் நிற்க எப்போதும் ஆள் இருக்கிறார்கள். உருண்டைத் தென்னைக்குச் செய்த கருவி சப்பைக் கம்பத்துக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் பொருந்தும்படி செய்ய வேண்டும் என்ற அவசரம் இல்லாதது கம்பத்தின் குற்றமா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மாநிலம் முழுவதிலிருந்தும், கேரளத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்து, மழையிலும் சேற்றிலும் வாரக்கணக்கில் கம்பம் நட்டு லைன் இழுத்தார்கள். இருட்டில் கிடந்த ஊர்களுக்கு வெளிச்சம் திரும்பியது. நாம் நெகிழ்ந்து எழுதினோம். கடவுள் என்றோம், கையெடுத்துக் கும்பிட்டோம். அந்த நன்றி பொய்யில்லை. ஆனால் அந்த எழுத்தை இப்போது திரும்பப் படித்தால் ஒன்று உறைக்கிறது. கழுத்தளவுத் தண்ணீர், வெறுங்கால், வெறுங்கை எல்லாம் அதில் வீரத்தின் அடையாளங்களாக இருந்தன. வெறுங்கால் ஏன் வெறுங்காலாக இருந்தது என்று நம் கவிதைகள் கேட்கவில்லை. கடவுளுக்கு எதற்கு இடுப்புப் பட்டை? விபத்துச் செய்தி அவரை அலட்சியக்காரர் ஆக்குகிறது, நம் இலக்கியம் வீரர் ஆக்குகிறது. சாமானைப் பற்றிய பேச்சை இரண்டுமே அழகாகத் தவிர்த்துவிடுகின்றன.

எதிர்வாதம் ஒன்று உண்டு. கம்பமே வேண்டாம், எல்லாவற்றையும் நிலத்தடி கேபிள் ஆக்கிவிடலாம் என்பார்கள். நகரத்துக்கும் கடலோர ஊருக்கும் சரி. ஆனால் வயலுக்கு வயல் நிற்கிற பம்புசெட்டுக் கம்பங்கள் நாளைக்கே மறையப் போவதில்லை. இன்னொன்று: கம்பம் ஏறுகிறவரைக் கொல்வது பெரும்பாலும் மின்சாரம்தானே, பட்டை என்ன செய்யும்? உண்மை. லைனை அணைப்பதும், எர்த் ராடு போடுவதும்தான் முதல் காவல். பட்டை அதற்கு மாற்றில்லை. ஆனால் சின்ன ஷாக் அடித்துக் கை நழுவியவர் தரையில் விழுவதா, கயிற்றில் நிற்பதா என்பதைப் பட்டைதான் தீர்மானிக்கிறது. அப்படித் தொங்குகிறவரையும் சீக்கிரம் இறக்கியாக வேண்டும். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி அதுவே ஆபத்தாகும். அதனால் கீழே இன்னொரு ஆள் நிற்பதும் அந்தச் சாமானின் ஒரு பகுதிதான்.

நல்ல சாமான் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வது கஷ்டமில்லை. ஒன்றைக் கழற்றும்போது மற்றது பிடித்திருக்க இரண்டு கயிறு. ரப்பர் கையுறையோடு திறக்கக்கூடிய கொக்கி. இடுப்பெலும்பிலும் தொடையிலும் சுமை இறங்கும்படியான அகலப் பட்டை. வேர்வையைப் பிடித்து வைக்காத, நனைந்தாலும் விறைக்காத துணி. சேற்றுக் காலோடு ஒரு நிமிடத்தில் மாட்ட முடிகிற வார். கம்பத்தையும் திருத்தலாம்: ஜப்பானில் கான்கிரீட் கம்பங்களில் மிதித்து ஏற ஆணிப்படிகள் உண்டு; பொதுமக்கள் ஏறாதபடி கீழ்ப்படிகளைக் கழற்றி வைத்திருப்பார்கள். பெல்ட்டுக்கும் ஹார்னஸுக்கும் இந்தியத் தரம் ஐ.எஸ். 3521 இருக்கிறது. அறுந்து போகாத பட்டையை வாங்க அது உதவும். ஆனால் திருத்துறைப்பூண்டி வயலில் ஒருவர் அதைத் தினமும் மாட்டுவாரா என்பதைச் சோதனைச்சாலை சொல்லாது. வாங்குவதற்கு முன் பத்துப் பேரிடம் கொடுத்து ஒரு கார்த்திகை மாதம் முழுக்க ஏறச் சொல்லி, எங்கே உறுத்துகிறது என்று கேட்டால் தெரியும்.

வசதி என்ற சொல்லை நாம் சொகுசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். கம்பத்தின்மேல் அதற்கு வேறு பொருள். உறுத்தாத பட்டைதான் இடுப்பில் இருக்கும். உறுத்துகிற பட்டை அலமாரியில் இருக்கும். அடுத்தமுறை 'பாதுகாப்பு உபகரணங்கள் அணியாமல்' என்ற வரியைச் செய்தியில் படிக்கும்போது, அந்த உபகரணத்தை அணிந்துகொண்டு ஏற முடியுமா என்ற கேள்வியையும் சேர்த்துப் படியுங்கள்.