வலது ஓரத்தில் நடப்பவள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எங்கள் பாளையங்கோட்டைக் கல்லூரி மைதானங்களுக்கு ஒரு தனி அழகு வந்துவிடும். வேப்பமரங்களுக்குக் கீழே இருட்டு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். முந்தின நாள் கிரிக்கெட் ஆடியவர்களின் கால்தடங்களுக்கு மேலே, ஒரு முதலாண்டுப் பெண் டப்பாவில் சுண்ணாம்புத்தூளை எடுத்துக்கொண்டு, குனிந்து குனிந்து வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு முனையிலும் முளை அடித்துச் சணல் கட்டியிருக்கும். சணலை விட்டுத் தூள் ஒரு விரற்கடை விலகினாலும் காலால் அழித்துவிட்டு மறுபடி போடுவாள். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போவார்கள். நான் மட்டும் நின்றுவிடுவேன். மூன்று வருடம் தேசிய மாணவர் படையான என்.சி.சி.யில் இருந்தவளுக்கு அந்தக் கோட்டைத் தாண்டிப் போகக் கால் வராது.

நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள். அவசரமில்லை, பிள்ளைகள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

பரேடு காலையில் என்றாலும் அது பிறப்பது சனிக்கிழமை மாலை, ஹாஸ்டல் வராந்தாவில். கஞ்சி போட்டு விறைத்த காக்கிச் சட்டையின் கைமடிப்பைத் தேய்ப்பது ஒரு கலை. தோளில் தொடங்கி முழங்கைக்குக் கீழே முடிகிற அந்த ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரியக் கூடாது. பித்தளைக் கொக்கிக்கு பிராஸ்ஸோ. ஆனால் என் மனம் பறிபோனது பூட்ஸில்தான். பஞ்சை நனைத்துப் பிழிந்து, பாலிஷில் தொட்டும் தொடாமலும் ஒற்றி, பூட்ஸின் மூக்கில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் கெட்டது. முதல் பத்து நிமிடம் மங்கல்தான் கூடும். 'போதும்டி' என்று கை கெஞ்சும். நிறுத்தாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு புள்ளியில் வராந்தா டியூப்லைட் மெல்லிய வெள்ளை நூலாகத் தோலுக்குள் எட்டிப் பார்க்கும். அந்த நூல் மெதுவாக நீண்டு, அகன்று, கடைசியில் உங்கள் முகமே அதில் வளைந்து தெரியும். மறுநாள், நின்ற இடத்திலேயே மிதிக்கும் முதல் 'கதம் தால்' முடிவதற்குள் செம்மண் அதை மூடிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வாராவாரம் தேய்த்தோம்.

தொப்பியைப் பாருங்கள். கரும்பச்சைக் கம்பளித் தொப்பி கடையிலிருந்து வரும்போது தோசைக்கல் மாதிரித் தட்டையாக இருக்கும். அதை வெந்நீரில் நனைத்து, ஈரத்தோடு தலையில் வைத்து, வலப்பக்கம் இழுத்து இழுத்துப் படிய வைத்தால்தான் வடிவம் பிடிக்கும். இடது கண்ணுக்கு மேலே சின்னம், வலது காதை நோக்கிச் சரிகிற துணி, சின்னத்துக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து நிற்கும் சிவப்பு இறகுக் குச்சம். ஹேக்கிள் என்பார்கள். சேவற்கொண்டை எப்படித் தன்னைப் பற்றி ஐயமே இல்லாமல் நிற்குமோ அப்படி நிற்கும். தொப்பிக்குக் கீழே, வலைக்குள் அடங்கிய கொண்டை. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்காமல் வெளியே வராத ஊரில், மல்லிகைக்கு அன்று மட்டும் விடுப்பு. பரேடு முடிந்து வலையைக் கழற்றும் நொடியில், வாசலில் பூக்காரம்மா காத்திருப்பார் என்பது வேறு கதை.

இப்போது அவர்கள் வரிசையில் சேர்கிறார்கள். இதைக் கூர்ந்து கவனியுங்கள், எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். நெட்டையானவள் வலது கோடியில், குட்டையானவள் இடது கோடியில் என்று முதலில் ஒரே வரிசையாக, படிக்கட்டு இறங்குவதுபோல நிற்பார்கள். எண் சொல்வார்கள். ஒற்றைப்படை எண்கள் ஓர் அடி முன்னே, இரட்டைப்படை எண்கள் ஓர் அடி பின்னே. பிறகு முதல் ஆள் மட்டும் அசையாமல் நிற்க, ஒற்றைப்படை வலப்பக்கமும் இரட்டைப்படை இடப்பக்கமும் திரும்பி, வளைந்து வந்து மூன்று வரிசையாகச் சேர்ந்துகொள்வார்கள். முடிந்ததும் தலைகளின் மேற்கோட்டைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் உயரம், நடுவில் தாழ்வு. தூளிச்சேலை தொங்குவதுபோல, கண்ணை உறுத்தாத ஒரு மென்மையான வளைவு. குட்டையான பிள்ளைகள் ஓரத்தில் தனியாகத் தெரியாமல், நெட்டையானவர்களின் அணைப்புக்குள் நடுவில் வந்துவிடுகிறார்கள். இதை முதலில் யோசித்தவர் கணக்கு வாத்தியாரா, ஓவியரா? இரண்டும் கலந்த ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

'சாவ்தான்!'

விறைத்து நிற்கச் சொல்லும் இந்தச் சொல் தமிழ்க் காதில் எப்படி விழும் என்று சொல்லத் தேவையில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற ஒவ்வொரு முதலாண்டுப் பிள்ளையும், தானே கண்டுபிடித்த நகைச்சுவைபோல, 'ஆமா, சாவுதான்' என்று முணுமுணுக்கும். நானும் முணுமுணுத்தேன். இந்த இந்திக் கட்டளைகளுக்குத் தமிழ்நாட்டில் பெரிய வரலாறே உண்டு. 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் இயற்றியபோது, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது. அந்த வழக்கை இங்கே பிரிக்கப்போவதில்லை. என் காது அன்று பிடித்துக்கொண்டது சொல்லை அல்ல, அதன் ஓசைக்கட்டை. ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு உடல்கள். முதற்பாதி நீண்டு, இழைந்து, ஆலாபனை மாதிரி போகும்: 'பரே...ட்'. பிறகு ஒரு நிறுத்தம். அதன் பின் கத்தரித்த மாதிரி ஒரே வெட்டு. அந்த நிறுத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, என்ன வரப்போகிறது என்று தெரிந்தும், வரும்வரை வராமல் நிற்கும் ஓர் இமைப்பொழுது. எங்கள் சீனியர் அண்டர் ஆபீசர் அக்கா களக்காட்டுக்காரர். பேச்சில் குரல் எழும்பாது. மேடைக்கு முன்னால் நின்று அந்த நிறுத்தத்தை விட்டாரென்றால் வேப்பமரத்துக் காகம்கூட அடங்கிவிடும். வடக்கிலிருந்து வந்து எங்களைப் பயிற்றுவித்த ஹவில்தார் உஸ்தாத், யாரையும் எளிதில் பாராட்டாதவர், அதைக் கேட்டுவிட்டுத் தன் மீசையை ஒருமுறை தொடுவார். எங்களுக்கு அதுவே பதக்கம்.

கட்டளை விழுந்ததும் பாதங்களைப் பாருங்கள். குதிகால் இரண்டும் ஒட்டியிருக்க, முன்பாதங்கள் 30 பாகை விரிந்திருக்கும். கை மூடி, கட்டைவிரல் முன்னே பார்த்து, காற்சட்டையின் தையலோடு ஒட்டி நிற்கும். தையல் என்றால் தையல்தான். உள்ளங்கைக்குள் அதன் மேடு தட்டுப்பட வேண்டும். கண்ணாடியில்லாத மைதானத்தில் தன் கை எங்கே இருக்கிறது என்பதை அந்த நூல்மேடு சொல்லிக்கொடுக்கும். எத்தனை நுட்பமான ஏற்பாடு!

நடக்கத் தொடங்கினால் இன்னொரு அழகு. அடிக்கு 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 அடி என்பது 'தேஜ் சல்' என்னும் விரைநடையின் கணக்கு. கணக்காகச் சொன்னால் வறட்சி. காதால் கேளுங்கள். முதல் வாரம் அது ஆலங்கட்டி மழை மாதிரி சிதறி விழும். மூன்றாவது மாதத்தில் ஒருநாள், யாரும் எதிர்பாராமல், ஐம்பது குதிகாலும் ஒன்றாக விழும். ஒரே ஒரு பெரிய பாதம் மண்ணைத் தட்டியதுபோல 'தம்' என்றொரு சத்தம். நடந்துகொண்டிருந்தவர்களுக்கே முதுகுத்தண்டில் சிலிர்க்கும். பெருமைப்பட்டுக்கொண்டே அடுத்த அடியைக் கோட்டைவிட்டோம். பின்பக்கம் திரும்பச் சொல்லும் 'பீச்சே முட்' கேட்டால் வலப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். நான் ஒருமுறை இடப்பக்கமாகத் திரும்பி, பின்னால் இருந்தவளின் மூக்கோடு மூக்கு முட்டாத குறையாக நின்றேன். இருவரும் சிரிக்காமல் நின்ற அந்த அரை நிமிடம் எங்கள் பயிற்சியிலேயே கடினமானது.

சல்யூட்டைப் பற்றி ஒரு சொல். கை மேலே போகும் வழி நெடியது: பக்கவாட்டில் முழுதும் நீண்டு, தோள் உயரம் எட்டி, பிறகு மடங்கி வலது புருவத்தருகே வந்து நிற்கும். இறங்கும் வழியோ குறுகியது. உடலை ஒட்டியே நேராக விழும். மரியாதை தருவதற்கு நீண்ட பாதை, முடிப்பதற்குக் குறும்பாதை. தரைப்படைப் பிரிவினருக்கு உள்ளங்கை எதிரே இருப்பவர் பார்க்கும்படி விரிந்திருக்கும். கடற்படைப் பிரிவினருக்கு உள்ளங்கை தரையைப் பார்க்கும். விமானப்படைப் பிரிவினருக்கு இரண்டுக்கும் இடையே சாய்ந்திருக்கும். என்.சி.சி. கொடியில் சிவப்பும் கருநீலமும் வெளிர்நீலமுமாக நிற்கும் மூன்று படைகளும், கொடியே இல்லாத இடத்திலும் ஒரு மணிக்கட்டின் சாய்வில் அடையாளம் தெரிந்துவிடும்.

வகுப்பறைப் பாடங்களில் பலவும் ஏனோதானோதான். முதலுதவி வகுப்பில் பாதிப்பேர் தூங்குவோம். வரைபட வகுப்பு மட்டும் விதிவிலக்கு. 1:50,000 அளவிலான தாளை மேசையில் விரித்ததும், பழுப்பு நிறத்தில் சமஉயரக் கோடுகள் கைரேகைபோல் ஓடும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு. காகிதத்தில் விரலை ஓட்டி மலை ஏறலாம். வடக்கு என்று நாம் ஒன்றைத்தான் நினைத்திருப்போம். உண்மை வடக்கு, காந்த வடக்கு, வரைபடக் கட்டத்தின் வடக்கு என்று மூன்று இருப்பதை அங்கேதான் அறிந்தோம். இந்தியாவை அளந்த பெருங்கதையின் முதல் கோடு நம் பரங்கிமலைக்கு அருகே, 1802இல், வில்லியம் லாம்ப்டன் எஃகுச் சங்கிலி வைத்து ஏழரை மைல் அளந்ததில் தொடங்குகிறது என்று வகுப்பில் கேட்ட நாளிலிருந்து, சுண்ணாம்புக் கோடு போடும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அதே பரங்கிமலையில்தான் தரைப்படை அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இருக்கிறது. 1963இல் பள்ளியாகத் தொடங்கியது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். 'சி' சான்றிதழ் வாங்கிய மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வில்லாமல் நேரே நேர்முகத் தேர்வுக்குப் போகும் சிறப்பு வழியும் உண்டு. எங்கள் செட்டில் ஒருத்தி போனாள். அவள் தேறி வெளியேறும் அணிவகுப்பைப் பார்க்க, மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயரைத் தாங்கிய அந்தப் பெரிய சதுக்கத்துக்கு நாங்களும் போனோம். அங்கேயே பயிற்சி பெற்று, 1987இல் இலங்கையில் உயிர்துறந்து, பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர். அன்று கண்ட மெதுநடை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பாதம் முன்னே நீண்டு, மண்ணைத் தொடுவதற்கு முன் காற்றில் ஒரு கணம் தயங்கும். கொக்கு நீரில் கால் வைப்பதற்கு முன் தயங்குமே, அந்தத் தயக்கம். அப்புறம்தான் இறங்கும். பயிற்சி முடித்தவர்களின் கடைசி அடி அப்படித்தான் வாசலைக் கடக்கிறது. வெளியே அவளுடைய அம்மா, புதுச்சேலைக் கசங்கலோடு, தோளில் நட்சத்திரத்தைக் குத்தத் தெரியாமல் மூன்று முறை தடுமாறினார்.

துப்பாக்கிப் பயிற்சி வருடத்துக்குச் சில நாள்தான். பாயிண்ட் டூ டூ ரைபிள், 25 மீட்டரில் அட்டை. குப்புறப் படுத்து, கட்டையைத் தோளில் புதைத்து, கன்னத்தை மரத்தோடு ஒட்டும்போது எண்ணெய் வாசம் வரும். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்த வேண்டும். விசையை இழுப்பதில்லை, எலுமிச்சையைப் பிழிவதுபோல மெல்ல அழுத்துவது. எப்போது வெடிக்கும் என்று சுடுகிறவளுக்கே தெரியக் கூடாது என்பார் உஸ்தாத். ஐந்து தோட்டாவும் எங்கே பட்டன என்பது அவருக்கு முக்கியமில்லை, எவ்வளவு நெருங்கிப் பட்டன என்பதே முக்கியம். இலக்கை விட்டுத் தள்ளி, ஓர் ஓரத்தில், ஐந்தும் ஒரு கொய்யாப்பழ அளவுக்குள் விழுந்திருந்தால் முகம் மலர்ந்துவிடும். குறியைத் திருத்திக்கொள்ளலாம், சிதறலைத்தான் திருத்த முடியாது என்பது அவர் கணக்கு.

பத்துநாள் முகாமைப் பற்றித் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். விடியுமுன் விசில், தட்டோடு நீளும் வரிசை, சாம்பாரில் மிதக்கும் அதிசயங்கள், கடைசி இரவுப் பாட்டு. அவ்வளவோடு விடுகிறேன்.

ஏனென்றால் மைதானத்தில் ஒத்திகை தொடங்கிவிட்டது. இதற்காகத்தான் உங்களை நிற்கச் சொன்னேன். குடியரசு தின அணிவகுப்பு மேடையைக் கடக்கப்போகிறது. 'தாஹினே... தேக்!' ஒரே சுண்டலில் எல்லாத் தலைகளும் வலப்பக்கம் திரும்புகின்றன. சிவப்புக் குச்சங்கள் காற்றில் தீக்குச்சிபோல் கிழித்துக்கொண்டு போகின்றன. எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். நீங்கள் வலது ஓரத்தைப் பாருங்கள். அந்த ஓரத்து வரிசையில் வருகிறவர்கள் மட்டும் திரும்பவில்லை. அவர்களும் திரும்பிவிட்டால் நேர்கோட்டைப் பார்த்து நடக்க ஆளில்லாமல் அணி கோணிவிடும். மேடைக்கு மிக அருகில், கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோகிற அந்தப் பிள்ளைகளின் கண்கள் மேடையைத் தீண்டுவதே இல்லை. தாடை இறுகி, இமை தாழாமல், தூரத்து வேப்பமரத்தின் ஏதோ ஓர் இலையைப் பிடித்துக்கொண்டு போகின்றன.

எங்கள் காலத்தில் மூன்று வருடமும் அந்த ஓரத்தில் நடந்தவள் சேரன்மாதேவிக்காரி, என் அறைத்தோழி. ஒரு குடியரசு தினத்தன்று சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். அணி கலைந்ததும் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு அவர் உடுத்தியிருந்த சுங்குடிச் சேலையைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம். கரை அரக்கா, மெரூனா என்று ஒரு சண்டை. 'நீதானே ரொம்பப் பக்கத்துல போன, சொல்லுடி' என்றேன்.

அவள் சால்னாவில் பரோட்டாவைத் தோய்த்தபடியே, 'வந்தது ஆம்பளையா பொம்பளையான்னே இப்பதான் எனக்குத் தெரியும்' என்றாள்.