சுகம் கண்ட வில்லன்கள்

வில்லனுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருந்தால்தான் அவன் மனிதன் என்ற எண்ணம் தமிழ் சினிமா விமர்சனத்தில் இன்று வேரூன்றிவிட்டது. ஒரு படத்தைப் பாராட்ட வேண்டுமானால் வில்லனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று எழுதுகிறார்கள். குறை சொல்ல வேண்டுமானால், பழைய காலத்து வில்லன் மாதிரி காரணமே இல்லாமல் சிரிக்கிறான் என்கிறார்கள். பி.எஸ்.வீரப்பா வெறும் அட்டைக் கத்தி, சின்ன வயதில் அடிபட்ட கதையோடு வருகிற இன்றைய வில்லன் முழு மனிதன் என்ற இந்தக் கணக்கு தலைகீழானது என்பது என் கட்சி. சிரிப்பவனுக்கும் காரணம் உண்டு. செய்கிற வேலையில் அவனுக்குச் சுகம் கிடைக்கிறது. ஒருவன் கொடுமைக்குள் எப்படி வந்தான் என்பதை ஃப்ளாஷ்பேக் சொல்லிவிடும். வந்தவன் ஏன் அதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறான் என்பதை அந்தச் சுகம் மட்டுமே சொல்லும்.

இந்தச் சுகம் சினிமா கண்டுபிடித்தது அல்ல. கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வருகிறபோதே அது இருக்கிறது. நாடகக் கம்பெனிகளின் கள்ளபார்ட் வேடம் அதை ஒரு தொழிலாகவே வளர்த்தது. 1936இல் ‘சதிலீலாவதி’யில் தொடங்கிய டி.எஸ்.பாலையாவின் நமட்டுத்தனமும், ‘சந்திரலேகா’வில் (1948) வாள் பிடித்த கையிலேயே கர்வம் தெரிய நின்ற ரஞ்சனும் அந்த வழியில் வந்தவர்கள்தான். ஆனால் வீரப்பாவிடம் வரும்போதுதான் இது ஒரு கலையாகிறது. அவரை வெறும் சிரிப்புச் சத்தமாகச் சுருக்கிவிட்டோம். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். இரண்டாமவர் உள்ளே நுழைந்ததும் வீரப்பாவின் முகம் விரிகிறது, ‘சபாஷ், சரியான போட்டி’ என்ற சொற்கள் வந்து விழுகின்றன. அந்தக் கணத்தில் அவர் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. சதியை மறந்து, நடனத்தைச் சுவைக்கிற தேர்ந்த ரசிகராக உட்கார்ந்திருக்கிறார். உலகத்தில் உள்ள நல்ல பொருள் எல்லாம் தனக்காகவே படைக்கப்பட்டது என்று நம்புகிறவன் எப்படி மகிழ்வான் என்பதற்கு இதைவிடத் துல்லியமான நடிப்பு அந்தக் காலத்தில் இல்லை. அதற்குப் பெரிய வசனமும் தேவைப்படவில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மூன்று சொற்களைப் பட்டிமன்றத்திலிருந்து தேர்தல் களம்வரை தமிழர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) சாட்டையைச் சுழற்றும் நம்பியார், வசனத்தை இழுத்து இழுத்து அனுபவித்த அசோகன், ‘ரத்தக்கண்ணீர்’ (1954) படத்தில் தொழுநோய் தின்றபிறகும் நையாண்டியை விடாத எம்.ஆர்.ராதா என்று இந்த மரபு எழுபதுகள்வரை தழைத்திருந்தது. அதன் பிறகு நேர்ந்த சரிவை மன்னிக்க முடியாது. வில்லனின் மகிழ்ச்சி என்றாலே கற்பழிப்புக் காட்சி என்று ஆக்கினார்கள். அவன் அனுபவிக்கிறான் என்ற சாக்கில் கேமரா அனுபவித்தது. அந்த வறட்சியிலும் கே.பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ (1976) தனித்து நிற்கிறது. படகிலிருந்து விழுந்த நண்பன் மூழ்குவதைப் பார்த்துக்கொண்டே ரஜினிகாந்த் துடுப்பு போடுகிறார். அடிதடி இல்லை, அட்டகாசம் இல்லை. வேண்டியது தானாக நடந்துவிட்ட நிம்மதி மட்டும் முகத்தில் இருக்கிறது. ரஜினியை நாயகனாக மட்டும் கொண்டாடுகிறவர்கள், அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்பதை அந்தப் படகில் பார்க்கலாம்.

ஆனால் சுகம் காணும் வில்லனை முழுமையாக எழுதிக் காட்டியது மணிவண்ணன்–சத்யராஜ் கூட்டணிதான். 1984இல் மட்டும் ‘நூறாவது நாள்’, ‘24 மணி நேரம்’ என்று இரண்டு படங்கள். மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, எதிரில் நிற்பவரைக் கேலி செய்தபடியே கொல்லும் நிதானம். மறு ஆண்டு ராஜசேகர் இயக்கிய ‘காக்கி சட்டை’யில் ‘தகடு தகடு’ என்று இரண்டே சொற்களைச் சுவைத்துச் சொல்லியே சத்யராஜ் ஊரெல்லாம் பரவினார். இவையெல்லாம் ஒத்திகை என்று சொல்லும்படி வந்தது ‘அமைதிப்படை’ (1994). கோயிலில் உடைக்கிற தேங்காய்ச் சில்லைப் பொறுக்கித் திரியும் அமாவாசை, டம்மி வேட்பாளராக நிறுத்தப்பட்டு, நாகராஜ சோழனாக எழுகிறான். வாக்கு எண்ணிக்கைக் காட்சியில் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன், முன்னிலை ஏற ஏற, ஒவ்வொரு அங்குலமாகப் பின்னால் நகர்கிறான். முதுகு நிமிர்கிறது. கடைசியில் முழு நாற்காலியும் அவனுடையதாகிவிடுகிறது. அவனை நிறுத்திய மணிமாறனாகப் பக்கத்தில் இருக்கும் மணிவண்ணனுக்கு, தான் என்ன செய்துவிட்டோம் என்பது அந்த உடம்பின் அசைவிலேயே புரிகிறது. அதிகாரம் ஒரு மனிதனுக்குள் இறங்குவதை வேறெந்தத் தமிழ்ப் படமும் இவ்வளவு அருகில் காட்டியதில்லை. அமாவாசையின் ஏழ்மையைப் படம் மறைக்கவில்லை. ஆனால் அதை ஒரு மன்னிப்புச் சீட்டாக அவன் கையில் கொடுக்கவும் இல்லை. நாற்காலி சுகமாக இருக்கிறது, அதனால் எழுந்திருக்கமாட்டான்.

தொண்ணூறுகளில் ரகுவரனும் பிரகாஷ்ராஜும் இந்தச் சுகத்தைத் தாழ்ந்த குரலுக்குக் கொண்டுவந்தார்கள். ‘ஆசை’யில் (1995) மைத்துனி மேல் கண்வைக்கிற ராணுவ அதிகாரி குடும்பத்துக்குள் எவ்வளவு இனிமையாக நடமாடுகிறான் என்பதே அந்தப் படத்தின் பயங்கரம். பிறகுதான் காயங்களின் காலம் வருகிறது. எஸ்.ஜே.சூர்யா என்ற ஒரே நடிகரை வைத்தே இதை அளந்துவிடலாம். ‘ஸ்பைடர்’ (2017) படத்தில் சுடுகாட்டில் பிறந்து, ஒப்பாரி கேட்டு வளர்ந்து, அழுகுரலில் இன்பம் காண்கிறவனாக வருகிறார். இன்பத்துக்கு ஒரு நோயின் பெயர் வைத்தவுடன் நாம் பாதுகாப்பாக விலகி உட்கார்ந்துவிடுகிறோம். அவன் வேறு ஜாதி உயிர், நமக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ படத்தில் தனுஷ்கோடி என்ற போலீஸ் அதிகாரிக்குச் சிறுவயதுக் கதையே கிடையாது. ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்ந்து, ஒரே கொலைத் திட்டத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்கிறார். சலிக்கிறார், எரிச்சல்படுகிறார், மறுபடி உற்சாகமாகக் கிளம்புகிறார். இலக்கை முடிக்கத் துடிக்கும் எந்த அலுவலகத்து மனிதரையும் அதில் அடையாளம் காணலாம். இரண்டில் எது ஆழமான பாத்திரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘மாஸ்டர்’ (2021) பவானிக்கும் சீர்திருத்தப் பள்ளிக் கொடுமை முன்னுரையாக வருகிறது. படம் அவனை நினைவில் நிறுத்துவதோ விஜய் சேதுபதியின் அலட்டாத உல்லாசத்தால்தான்.

குற்றத்தின் வேரைத் தேடுவது முற்போக்கான காரியம் ஆயிற்றே, அதை எதிர்க்கலாமா என்று கேட்பார்கள். எதிர்க்கவில்லை. ‘புதுப்பேட்டை’யின் (2006) கொக்கி குமாருக்கு அந்த வேர் வேண்டும், தெருவில் வீசப்பட்டவன் கத்தி எடுத்த கதையை அது இல்லாமல் சொல்ல முடியாது. ஆனால் சட்டமன்ற உறுப்பினருக்கும் பண்ணையாருக்கும் மருந்துக் கம்பெனி முதலாளிக்கும் அதே மருந்தைக் கொடுப்பது, அதிகாரத்துக்குக் குடைபிடிப்பதாகும். அவர்கள் கொடுமை செய்வது பழைய காயத்தால் அல்ல, இன்றைய லாபத்தால். ‘தனி ஒருவன்’ (2015) இதைப் புரிந்துகொண்ட ஃப்ளாஷ்பேக்: சித்தார்த் அபிமன்யு பதினைந்து வயதில் ஒரு கொலைப்பழியை ஏற்பது அவன் செய்த முதல் வியாபாரம். அங்கே கண்ணீருக்கு இடமில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. வில்லன் மகிழ்ந்தால் பார்வையாளனும் அவன் பக்கம் சாய்வான், தீமை கவர்ச்சியாகிவிடும் என்பது. 2023இல் ‘மாமன்னன்’ வந்தபோது நடந்ததை உதாரணம் காட்டுவார்கள். சாதி வெறியனாக எழுதப்பட்ட ரத்னவேலின் காட்சிகளைச் சாதிப் பெருமைப் பாடல்களோடு ஒட்டிச் சமூக வலைதளங்களில் கொண்டாடினார்கள். அது வெட்கக்கேடு. ஆனால் ஃபகத் ஃபாசிலின் ரத்னவேல் சுகம் காண்கிறவன் அல்ல. பந்தயத்தில் தோற்ற நாயை அடித்தே கொல்கிறவன். இறுகிய முகம், அடங்கிய குரல், முறைப்பு. கொண்டாடியவர்கள் எடுத்துக்கொண்டது அந்த முறைப்பைத்தான். அதற்குக் கம்பீரம் என்று பெயர் சூட்டுவது எளிது. அமாவாசையின் படங்களும் இன்று மீம்களாகப் பரவுகின்றன. ஆனால் அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்யத்தான் அவை பயன்படுகின்றன. சாதிப் பெருமைக்கு யாரும் அவனைத் தூக்கிச் சுமக்கவில்லை. சுகத்தை வெளிக்காட்டுகிறவனின் அற்பத்தனம் கூடவே வெளியே தெரிந்துவிடுகிறது.

அடுத்த வில்லனை எழுத உட்காரும் திரைக்கதை ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அவனுடைய பத்தாவது வயதில் என்ன நடந்தது என்று யோசிப்பதற்கு முன்னால், இன்று காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவன் எந்த நாற்காலியில், எப்படி உட்கார்கிறான் என்று எழுதுங்கள்.