தரவுக்குக் காவலர் யார்?

சட்டத்தில் ஒரு சொல் மாறினால் பொறுப்பின் நிறமும் மாறும். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்குச் சான்று. 2010-இல் இயற்றப்பெற்று 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்த அச்சட்டத்தின் மலாய்ப் பாடம், பிறர் விவரங்களைத் திரட்டி வைத்திருப்போரைப் ‘பெங்குனா டாத்தா’ என்றது. ‘தரவைப் பயன்படுத்துவோர்’ என்பது அதன் பொருள். 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிப் ‘பெங்காவால் டாத்தா’ என்று அமைத்தது.

பயன்படுத்துவோர் என்ற சொல்லில் உரிமையின் சாயல் மிகுதி; கடமையின் சாயல் குறைவு. அக்குறை எத்துணைப் பெரிது என்பதை 2017 அக்டோபர் காட்டிற்று. கைப்பேசி வாடிக்கையாளர் பதிவுகள் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் கசிந்திருந்தமை அப்போது தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சந்தான். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ கைப்பேசி எண் வாங்கியவர், தம் முகவரியையும் அடையாள அட்டை எண்ணையும் அந்த ஒரு தேவைக்காகவே கொடுத்தார் அன்றோ?

புதிய சொல்லின் வேர் ‘காவால்’. அது மலாய்மொழி ஏற்றுக்கொண்ட தமிழ்க் ‘காவல்’. ஆங்கிலப் பாடத்தை நோக்கித் தமிழில் ‘கட்டுப்பாட்டாளர்’ என எழுதுவோர் உளர். மலாய்ச் சொல்லுக்கும் அப்பொருள் உண்டு. ஆயினும் கட்டுப்படுத்துவோன் பொருளின்மேல் அதிகாரம் செலுத்துகிறான். காவலனோ பிறர் பொருளுக்காக விழித்திருக்கிறான். காவலர் என்றால் போலீசார் நினைவு வரும் என்பாருக்குத் ‘தரவுக் காப்பாளர்’ உண்டு.

காவலினும் ஆழமான சொல் ஒன்றும் தமிழில் உண்டு. அதுவே அடைக்கலம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். பின் நேர்ந்த கொலையில் மாதரிக்குப் பங்கில்லை. எனினும் அடைக்கலத்தை இழந்தோம் என்று அவள் தீப்புகுந்தாள். அம்முடிவு எவரும் பின்பற்றத் தக்கதன்று. பிறர் செய்த தீமையைக் காட்டித் தன் பொறுப்பைக் கழித்துக்கொள்ளாத அந்த மனமே கருதத்தக்கது. ‘எவனோ கணினியில் புகுந்தான்’ என்று கூறி அமைதியடையும் நிறுவனத்துக்கு அது வாய்ப்பதில்லை.

2025 ஜூன் முதல் நடப்பிலுள்ள விதி இவ்வறத்தைச் சற்றே நெருங்குகிறது. கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவித்தல் வேண்டும். பெருந்தீங்கு நேருமாயின் தரவுக்கு உரியவருக்கும் அறிவித்தல் வேண்டும். ஆனால் சட்டத்தின் எல்லை குறுகியது. வணிக நடவடிக்கைகளையே அது தழுவுகிறது. கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதில்லை.

ஆகவே பள்ளிப் பதிவேடு பெரும்பாலும் அதன் எல்லைக்கு அப்பால் நிற்கிறது. அதில் இருப்பவை சிறியனவா? அடையாள எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாளையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். பெற்றோர் வருமானமும் பிள்ளையின் நோய்க்குறிப்பும் அருகிலேயே உள்ளன. உதவி பெறும் மாணவர் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் ஆசிரியர், ஒரு குழந்தையின் வறுமையை ஊரறியச் செய்கிறார். மீட்க இயலாத இழப்பு அது.

தேவைக்கு மேல் கேளாமை, தேவை முடிந்தபின் அழித்தல், தவறு நேர்ந்தால் பெற்றோரிடம் உடனே உரைத்தல் ஆகிய மூன்றுக்கும் சட்டம் வந்து கட்டளையிட வேண்டுவதில்லை. அடைக்கலக் காதையை வகுப்பில் விளக்கும் ஆசிரியர், மேசைமேல் கிடக்கும் படிவக் கட்டையும் அதே கண்கொண்டு நோக்குதல் கடன்.