வலது மூலைக்காரர்

கபடி பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் பாடி வருகிறவரையே பார்க்கிறார்கள். ஏழு பேர் காத்து நிற்கும் களத்துக்குள் ஒற்றை ஆளாக மூச்சடக்கி நுழைகிறவன் மேல் கண் போவது இயல்புதான். ஆனால் இந்த ஆட்டத்தின் மிக நுட்பமான வேலை நடப்பது ஓரத்தில். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. அதையும் தாண்டினால் கடைசிக் கோடு வரை மிஞ்சுவது 1.75 மீட்டர்தான். அந்தக் குறுகிய பட்டையின் இரண்டு நுனிகளிலும் நிற்கிறவர்களை கார்னர் என்கிறோம். வலது நுனியில் நின்று நாற்பத்தாறு வயது வரை தொழில்முறைக் கபடி ஆடிய ஒருவரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அவர் தர்மராஜ் சேரலாதன்.

தஞ்சாவூர் மாவட்டம் திருச்சென்னம்பூண்டிக்காரர். பிறந்தது 1975இல். புரோ கபடி லீக் தொடங்கிய 2014இல் அவருக்கு வயது 39. அந்த வயதில் நம் கபடிக்காரர்கள் பலரும் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலையில் நிலைத்து, ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருப்பார்கள். சேரலாதனுக்கோ ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை அப்போதுதான் தொடங்கியது. பெங்களூரு, பாட்னா, புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் என்று அணிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் புது ஜெர்சி, புதுப் பயிற்சியாளர், புதுப் பாஷை. நிற்கிற இடம் மட்டும் பெரும்பாலும் அதே வலது மூலை.

உலகம் முழுக்க இப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டியில் ஹாக்கி ஆடுகிறவர்களில் நூற்றுக்கணக்கானோர் பெரிய லீகின் வாசல் வரை போய், சின்ன லீக்குகளில் நகரம் நகரமாகப் பேருந்தில் சுற்றியே காலத்தை ஓட்டுகிறார்கள். ரசிகர்கள் அவர்கள் படத்தைச் சுவரில் ஒட்டுவதில்லை. ஆனால் அணி அமைக்கிறவர்களின் முதல் தாளிலேயே அவர்கள் பெயர் இருக்கும். புரோ கபடியில் 2014இன் முதல் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம் ரூபாய். நான்கே வருடத்தில் ஈரான்காரர் ஃபசல் அத்ராச்சலி ஒரு கோடியைத் தொட்டார். அந்தத் தலைப்புச் செய்திகள் சேரலாதனைப் பற்றியவை அல்ல. ஆனாலும் ஒவ்வொரு ஏலத்தின்போதும் யாரோ ஒருவருக்கு அவர் தேவைப்பட்டார். அந்தத் தேவை எதனால் வந்தது என்பதில்தான் ரசிக்க வேண்டியது இருக்கிறது.

கார்னரின் முதல் ஆயுதம் ஆங்கிள் ஹோல்டு. எங்கள் பக்கம் கணுக்கால் பிடி என்றாலே போதும். எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ இருக்கும்போது, பாடி வருகிறவர் ஒரு காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு மற்றக் காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றினால் அவருக்கு ஒரு புள்ளி. அந்த ஒரு கணத்தில் அவர் உடல் எடை முழுவதும் ஒற்றைக் காலில் நிற்கிறது. கார்னர் பாய வேண்டியது அப்போதுதான். அரைக் கணம் முந்தினால் கால் திரும்பிப் போயிருக்கும், போகிற போக்கில் விரலால் தொட்டுவிட்டும் போயிருக்கும். அரைக் கணம் பிந்தினால் இரண்டு காலும் ஊன்றி, அவர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பியிருப்பார்.

பிடித்ததோடு வேலை முடிவதில்லை. கணுக்காலைப் பிடித்தவர் தூக்க நினைத்தால் தோற்றார். காலைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்து, தன் எடை முழுவதையும் தரைக்குக் கொடுத்துவிட வேண்டும். பாடி வந்தவர் அந்த எடையை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி நீள்வார். ஒரு விரல் நுனி கோட்டைத் தொட்டாலும் அவரைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் வெளியே. இரண்டு மூன்று விநாடி தாக்குப் பிடித்தால் ‘கவர்’ என்ற இடத்தில் நிற்கிறவர் வந்து விழுவார், மற்றவர்கள் வந்து மூடுவார்கள். அந்த விநாடிகளுக்கு முழுப் பொறுப்பும் தரையில் கிடக்கிற ஒருவருடையது.

சேரலாதனின் அழகு, அதற்கும் முந்திய விநாடிகளில் இருக்கிறது. இளம் கார்னர்களைக் கவனித்தால் பாடி வருகிறவர் அசையும்போதெல்லாம் அவர்களும் அசைவார்கள். தோள் துடிக்கும், முன்கால் நீண்டு நீண்டு உள்ளே போகும். அதைப் பார்த்துத்தான் எதிராளி அடுத்த அடியை முடிவு செய்கிறார். சேரலாதன் அப்படி எதையும் காட்டிக்கொடுக்க மாட்டார். இடுப்பைத் தாழ்த்தி, கைகளைத் தொங்கவிட்டு, பெரிய ஈடுபாடு எதுவும் இல்லாதவர் போல நிற்பார். வருகிறவர் ஒருமுறை பொய்யாகக் காலை நீட்டுவார். இவர் அசைய மாட்டார். இன்னொருமுறை நீட்டுவார்; இவர் அரை அடி பின்வாங்குவார். தனக்கு அஞ்சி ஒதுங்குகிறார் என்று நினைத்து மூன்றாம் முறை அவர் காலை உண்மையாகவே ஊன்றும்போது கணுக்கால் கையில் இருக்கும். பின்வாங்கிய அரை அடி ஓர் அழைப்பு என்று அந்த ஆளுக்கு அப்போதுதான் தெரியும்.

இதை எங்கள் போடிநாயக்கனூர்ப் பக்கத்து ஆட்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். முந்தலைத் தாண்டி போடிமெட்டு ஏறி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் விடிவதற்குள் ஜீப்பில் போகிற பெண்கள் அங்கே ஏலத்தோட்டத்தில் செய்கிற வேலையும் கணுக்கால் உயரத்து வேலைதான். ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. செடியின் அடித்தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். சரிவில் குந்தி உட்கார்ந்து, தோகையை ஒதுக்கி, ஒவ்வொரு சரமாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். ஒரே சரத்தில் ஒரு காய் பருவத்துக்கு வந்திருக்கும், பக்கத்துக் காய்க்கு இன்னும் மூன்று வாரம் வேண்டியிருக்கும். பிஞ்சைக் கிள்ளினால் ஸ்டோரில் உலர்த்தும்போது சுருங்கி எடை போகும். பழுக்கவிட்டால் வெடித்து விலை போகும். அதனால் முப்பது நாற்பது நாளுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து, எடுக்க வேண்டியதை எடுத்து, விட வேண்டியதை விட்டுப் போக வேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை இதே வேலை. கை வேகத்தை யாரும் கற்றுக்கொண்டுவிடலாம். எதைத் தொடாமல் விடுவது என்பது கைக்குள் இறங்க வருடக்கணக்காகும். மூலையில் நின்ற சேரலாதனிடம் எனக்குத் தெரிவதும் அந்த நிதானம்தான். அவர் பிடித்த பிடிகளை எண்ணிவிடலாம், பிடிக்காமல் விட்ட கால்களுக்குக் கணக்கே இல்லை.

அணி மாறுவதன் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மட்டை பிடிக்கிறவரோ பந்து வீசுகிறவரோ அணி மாறினால் தன் கைவேலையைத் தன்னோடு எடுத்துப் போகலாம். கபடியில் தடுப்பவருடைய கைவேலையில் பாதி, பக்கத்தில் நிற்கிறவரின் கையில் இருக்கிறது. கார்னரும் அவருக்கு அடுத்து நிற்கும் ‘இன்’ ஆட்டக்காரரும் கை கோத்து நிற்பது செயின். கண் இரண்டும் எதிராளி மேல் இருக்க, பேச்சுக்கு நேரமில்லாத இடத்தில், கோத்த விரல்களின் அழுத்தத்தில்தான் சேதி போகும். இப்போது வேண்டாம், இப்போது போகலாம், நீ இரு நான் போகிறேன். பல வருடம் சேர்ந்து ஆடியவர்களுக்கு இது தானாக வரும். சேரலாதன் ஒவ்வொரு பருவமும், பாஷை தெரியாத ஓர் இளைஞனின் கையைப் பிடித்துக்கொண்டு, சில வாரப் பயிற்சியில் இதைப் புதிதாக உண்டாக்கினார். அந்த இளைஞன் நம்ப வேண்டும். இவர் காலைப் பிடித்துவிட்டார், இனி விடமாட்டார் என்று நம்பினால்தான் அவன் ஓடி வந்து மேலே விழுவான். அவன் தயங்கினால் பாடி வந்தவர் பிடித்தவரையும் இழுத்துக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டுவிடுவார். எல்லா அணியிலும் அவரை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார்கள், தமிழ் தெரியாதவர்களும் வர்ணனையாளர்களும் உட்பட. வயதுக்கான மரியாதை அதில் உண்டு. கையை நம்பிக் கொடுத்தவர்களின் நன்றியும் உண்டு என்றே எனக்குப் படுகிறது.

2016ஆம் வருடத்தை மட்டும் தனியாக எடுத்துப் பேசலாம். அந்த ஜூலை 31 அன்று ஹைதராபாத்தில் புரோ கபடியின் நான்காவது பருவத்தின் இறுதி ஆட்டம். பாட்னா பைரேட்ஸ் 37, ஜெய்ப்பூர் 29. கோப்பையை வாங்கிய தலைவர் சேரலாதன், வயது 41. அந்த அணியில் பாடிப் போகிறவர் பர்தீப் நர்வால். அவருடைய பாய்ச்சல்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பின்னால் இடது மூலையில் ஃபசல் அத்ராச்சலியும் வலது மூலையில் சேரலாதனும் இருந்தார்கள். ஃபசல் நெருப்பு. எதிராளி உள்ளே வந்ததுமே அவர் மீசையும் நெஞ்சும் நிமிரும், பிடித்துவிட்டால் அரங்கமே அதிரும். இந்தப் பக்கம் இருந்தவர் சத்தமே இல்லாதவர். இடது பக்க வெப்பத்துக்கு அஞ்சி வலது பக்கம் ஒதுங்கிய எத்தனையோ பேர் அமைதியான கைகளில் மாட்டினார்கள். இரண்டு மூலைகள் இவ்வளவு வேறுபட்டு, இவ்வளவு பொருந்தி நான் பார்த்ததில்லை.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 22 அன்று அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும். ஃபசல் ஈரான் அணியில், சேரலாதன் அனூப் குமார் தலைமையிலான இந்திய அணியில். இந்தியா 38, ஈரான் 29. நாற்பத்தொரு வயதில் உலகக் கோப்பை அணியில் இருப்பது எந்த ஆட்டத்திலும் அரிது. முழங்காலையும் தோளையும் கொடுத்து ஆடுகிற கபடியில் அது இன்னும் அரிது. 2018இல் மும்பை அணியில் இதே இரண்டு பேரும் மறுபடியும் இடமும் வலமுமாக நின்றார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களின் நட்பும் எதிர்ப்பும் இப்படித்தான் வந்து வந்து போகின்றன.

இந்த வாழ்க்கையின் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் எந்த அரங்கத்தையும் காட்ட மாட்டேன். பொங்கல் நெருங்கும் ராத்திரிகளில் தேனி, கம்பம், போடி வட்டாரத்துக் கிராமங்களில் ஃபோகஸ் லைட் கட்டி நடத்தும் ஆட்டங்களைக் காட்டுவேன். தண்ணீர் தெளித்து இறுக்கிய செம்மண். கயிற்றுக்கு வெளியே மலையிலிருந்து ஜீப்பில் இறங்கிச் சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்து நிற்கிற கூட்டம். அங்கே ஆடும் அணிகளில் ஒன்றிரண்டு பேர் அந்த ஊர்க்காரர்களாகவே இருக்க மாட்டார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து பஸ் சார்ஜும் சாப்பாடும் கையில் கொஞ்சம் பணமும் பேசிக் கூட்டி வந்தவர்கள். ஊர்ப் பெயர் போட்ட பனியனை அங்கே வந்துதான் மாட்டிக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த ஊருக்காகப் பிடிப்பவர் அடுத்த வாரம் இதே ஊருக்கு எதிராகப் பிடிப்பார். யாரும் அதைத் துரோகமாக நினைப்பதில்லை. ஓரத்தில் நிற்கும் பழைய ஆட்டக்காரர்களின் பார்வை வேறு மாதிரி இருக்கும். “மாப்ள, மூஞ்சியப் பாக்காதடா, காலப் பாரு” என்று உள்ளூர்ப் பையனைப் பார்த்துக் கத்துவார்கள். வந்த ஆளைக் காட்டி, “அந்த அண்ணன் எப்படி நிக்கிறாருன்னு பாரு” என்பார்கள். ஒரு கலை பரவுகிற வழிகளில் இது எனக்கு மிகவும் பிடித்தது. கூலிக்கு வந்தவர், ஆடிவிட்டுப் போகும்போது நிற்கிற முறையை அந்த மண்ணில் விட்டுப் போகிறார்.

மண்ணில் வளர்ந்தவருக்கு மேட் வேறு உலகம். மண்ணில் கால் சறுக்கும். சறுக்குவதையே பயன்படுத்தித் தரையோடு போய்ப் பிடிக்கலாம். மேட் காலைப் பிடித்துக்கொள்ளும். ஷூ போட்ட கால் சட்டென்று நின்றுவிடும், திரும்பும் வேகம் கூடும், முழங்காலுக்கு ஆபத்தும் கூடும். முப்பது விநாடிக்குள் பாட வேண்டும், அடுத்தடுத்து இரண்டு ரெய்டில் புள்ளி வராவிட்டால் மூன்றாவதில் எடுத்தே ஆக வேண்டும் என்ற விதிகள் வந்தபின் ஆட்டத்தின் மூச்சே வேறாகிவிட்டது. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் கூடுதல் புள்ளி. அந்த சூப்பர் டேக்கிள் நேரங்களில்தான் வயதானவர்களின் அருமை தெரியும். ஆள் குறையக் குறைய இளைஞர்களுக்கு அவசரம் கூடுகிறது. இவர் அப்போதும் எதிராளியின் கடிகாரம் ஓடட்டும் என்று விட்டு நிற்பார். மாற வேண்டியதை எல்லாம் மாற்றிக்கொண்டு, அந்தக் காத்திருப்பை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தார்.

ஒரு வருத்தம் எனக்கு உண்டு. 2017இல் தமிழ் தலைவாஸ் அணி உருவானபோது, இதோ நம் ஆள் நம் ஜெர்சியில் நிற்பார் என்று நினைத்தவர்கள் பலர். அவர் அந்த வருடம் புனேவுக்கு ஆடினார். பிறகு மும்பை. பிறகு ஹரியானாவுக்குத் தலைவராக. தலைவாஸ் ஜெர்சி அவர் தோளில் ஏறவே இல்லை. ஏலத்தின் கணக்குகள் அப்படி அமைந்தன. அணியின் ஆரம்ப வருடங்களில் நம் பையன்களுக்கு வலது மூலையில் இப்படி ஒருவர் கையைப் பிடித்து நின்றிருந்தால் எவ்வளவு கற்றிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2021 டிசம்பரில், பெருந்தொற்றுக் காலத்துக் கட்டுப்பாடுகளோடு பார்வையாளர்கள் இல்லாமல் பெங்களூரில் எட்டாவது பருவம் தொடங்கியது. ஜெய்ப்பூர் அணியில் சேரலாதன் இருந்தார். அவருக்கு 46 வயது. எதிரே ஆடியவர்களில் சிலர் அவர் பெரிய ஆட்டங்களில் ஆடத் தொடங்கிய நாளில் பிறந்தே இருக்க மாட்டார்கள்.

அந்த ஆட்டங்களின் பதிவுகள் கிடைக்கின்றன. 2016 இறுதி ஆட்டத்தில் தொடங்குங்கள். கேமரா எப்போதும் பாடி வருகிறவரைப் பின்தொடரும். நீங்கள் பிடிவாதமாகக் கண்ணை பாட்னாவின் வலது மூலையிலேயே வையுங்கள். முதலில் எதுவுமே நடக்காதது போல இருக்கும். நாலைந்து ரெய்டு கழிந்தபின் அவர் முன்காலின் பெருவிரல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள், பக்கத்தில் நிற்கும் ‘இன்’ ஆட்டக்காரரின் கையை எவ்வளவு தளர்வாகப் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள். அந்தக் கை இறுகுகிற கணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டால், அடுத்து யார் கால் மாட்டப்போகிறது என்பதை வர்ணனையாளருக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடலாம்.