கப் கேக்கில் ஒரு சிங்கமுகம்

கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளின் பிறந்தநாள் மேசை வெகுவாக மாறிவிட்டது. நடுவில் பெரிய பட்டர் கேக், சுற்றிவர றோல்ஸ், பற்றிஸ், ஜெலி என்றிருந்த மேசையில் இப்போது மூன்று தட்டு அடுக்கு ஒன்று நிற்கிறது. சிங்கம், பண்டா, முயல், ஒட்டகச்சிவிங்கி என்று முகம் முகமாகக் கப் கேக்குகள். வீண் ஆடம்பரம் என்று முகஞ்சுளிக்கும் அம்மம்மாமார் இருக்கிறார்கள். பிள்ளையின் சந்தோசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்கும் இளம் தாய்மாரும் இருக்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் இல்லை. கப் கேக் என்ற வடிவம் கொழும்புத் தமிழ் வீட்டுக்கு நன்றாகவே பொருந்துகிறது. பிழை அதன் தலையில் நாம் ஏற்றிவைக்கும் சுமையில்தான் இருக்கிறது.

வடிவம் பழையது. 1796இல் அமெரிக்காவில் வெளிவந்த அமீலியா சிமன்ஸின் சமையல் நூலிலேயே சிறு கோப்பைகளில் வேகவைக்கும் கேக்குக்குக் குறிப்பு உண்டு. 1828இல் எலைசா லெஸ்லியின் நூலில் பெயரும் வந்துவிட்டது. தலையில் சுருள் ஐசிங்கோடு அது உலகம் சுற்றத் தொடங்கியது, 1996இல் நியூயோர்க்கில் மக்னோலியா பேக்கரி திறந்த பிறகு. கேக்கில் விலங்கு செய்யும் பழக்கத்துக்கு வேறொரு வேர் இருக்கிறது. ஒஸ்ரேலியன் விமன்ஸ் வீக்லி 1980இல் வெளியிட்ட பிள்ளைகளின் பிறந்தநாள் கேக் புத்தகம் அந்நாட்டில் ஒரு தலைமுறைக்கே பாடநூலாக இருந்தது. உருளைக்கிழங்கு சிப்ஸை அலகாகச் செருகிய தாரா கேக் அதில் பேர்போனது. நமக்கோ ரிபன் கேக்தான் பிறந்தநாள். இளஞ்சிவப்பு, பச்சை, வெள்ளை என்று அடுக்கடுக்காக, இடையில் பட்டர் ஐசிங் பூசியது. ஆகவே, 'முந்தி எல்லாம் இயற்கையாக இருந்தது, இப்போதுதான் சாயம் வந்தது' என்ற குற்றச்சாட்டு நிற்காது.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் எழுந்திருக்கும் மாடிவீடுகளின் குசினிகளைப் பார்த்தால் இந்த வடிவம் ஏன் ஒட்டிக்கொண்டது என்று விளங்கும். மேசையில் வைக்கும் சின்ன மின் ஓவன். இரண்டு கிலோ பட்டர் கேக்கை அதில் வைத்தால் மேல்பக்கம் கருகும், நடு வேகாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். பன்னிரண்டு குழித் தட்டு 180 பாகையில் இருபது நிமிடத்தில் வெந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அதன்பின் 2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பாய்ந்து ஏறியது. இதையெல்லாம் கண்ட வீட்டில் அந்த நாற்பது நிமிட வித்தியாசம் அற்பமானதல்ல.

வகுப்பறைக்கும் கப் கேக் வசதி. கத்தி வேண்டாம், தட்டு வேண்டாம், ஐசிங் ரோசாப்பூ யாருக்கு என்ற சண்டை இல்லை. ஒரு தட்டு முட்டை போட்டு, ஒரு தட்டு முட்டை இல்லாமல் கட்டிப்பால் போட்டு அடிக்கலாம். வெள்ளிக்கிழமை பிறந்தநாள் வந்தாலும் சைவ வீட்டுப் பிள்ளை ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. மெழுகுதிரி ஊதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் 2017இல் செய்த பரிசோதனையில், ஊதிய பிறகு ஐசிங்கின் மேற்பரப்பில் பக்டீரியா சராசரியாகப் பதினான்கு மடங்கு கூடியிருந்தது. அதனால் நோயில் விழும் வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் தடிமன் பிடித்த பிள்ளை ஒரு கப் கேக்கில் மட்டும் திரியை வைத்து ஊதி, அதைத் தானே சாப்பிடுவது நல்ல ஏற்பாடுதான்.

இனி முகத்துக்கு வருவோம். ஒரு சிங்கம் எப்படி உருவாகிறது என்று கிட்ட நின்று பாருங்கள். செம்மஞ்சள் பட்டர் ஐசிங்கைப் பையில் நிரப்பி, இலை வடிவம் தரும் 352ஆம் இலக்க நொசிலைப் பூட்டி, கேக்கின் விளிம்பிலிருந்து வெளியே இழுத்து விட்டால் ஒரு பிடரிமயிர்க் கற்றை. அடுத்தது அதன் பக்கத்தில். வட்டம் முடிந்ததும் உள்ளே இன்னொரு வட்டம், முதல் வரிசையின் இடைவெளிகளில் விழும்படி. நடுவில் மஞ்சள் பொட்டு, இரண்டு சொக்லேட் துளிக் கண்கள். மூன்று நிமிட வேலை. பல துளை உள்ள 233ஐப் பூட்டினால் அதே கை முள்ளம்பன்றியும் நாய்க்குட்டியும் செய்யும். ஐசிங் கொஞ்சம் சரிந்தால் சிங்கம் தூங்கிவழியும், அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று கண் வைக்கலாம். கோணலாக வைத்தாலும் அது சிங்கமேதான், இன்னும் சொன்னால் அந்த வீட்டுச் சிங்கம். இந்த வழக்கத்தின் சிறப்பு முழுவதும் எனக்கு இங்கேதான் தெரிகிறது: குறைந்த கோடுகளில் ஒரு விலங்கைக் காட்டுவது, மிச்சத்தைப் பிள்ளையின் கற்பனைக்கு விடுவது.

இந்தக் கலை கொழும்புக்குப் புதிதுமல்ல. பின்னேரம் பாண், பணிஸ் விற்கும் சூன் பாண் முச்சக்கரவண்டி பீத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் கிம்புலா பணிஸ் இருக்கும். முக்கோணமாக வெட்டிய மாவை உருட்டி, சற்றே வளைத்து, மேலே சீனி தூவிய முதலை. கண் இல்லை, பல் இல்லை, கால் இல்லை. ஆனாலும் அது முதலை என்று நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், வாலில் தொடங்குவதா தலையில் தொடங்குவதா என்று வாதமும் நடக்கும். பெயர் தெரியாத பேக்கரிக்காரர்கள் செய்த அந்த உருவத்தில் இருக்கும் சிக்கனத்தை நம் கப் கேக் அலங்காரம் கற்றுக்கொள்ளவில்லை.

கற்றுக்கொண்டது ஃபொண்டன்ட்டைத்தான். சீனிப் பசையை மாவுபோல் உருட்டி, அச்சில் வெட்டி, காது, மூக்கு, கன்னச்சிவப்பு என்று பொம்மைக்கடை நேர்த்தியில் ஒட்டும் முறை. படத்தில் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது உண்பதற்குச் செய்த பண்டமாக இல்லை. எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் விருந்து முடிந்த பிறகு தட்டுகளைப் பாருங்கள். உரித்து வைத்த காதுகளும் மூக்குகளும் கிடக்கும், கேக்கை மட்டும் பிள்ளைகள் தின்றிருப்பார்கள். மணிக்கணக்கில் செய்த வேலை குப்பைக்கூடைக்குப் போகிறது.

கொழும்பின் காற்றும் அதற்கு எதிரி. சீனி ஈரத்தை இழுக்கும், கடலோரக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. பிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால் பண்டாவின் முகம் வியர்த்து, கறுப்பு வெள்ளைக்குள் கசியும். பட்டர் ஐசிங்குக்கும் இங்கே தொல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டர் 32க்கும் 35க்கும் இடைப்பட்ட பாகையில் உருகிவிடும், மதிய வெக்கையில் அதற்கு முன்பே குழைந்துபோகும். அதனால்தான் இங்கே பலரும் மாஜரினோ தாவரக் கொழுப்போ கலந்து அடிக்கிறார்கள். சுருள் நிற்கும், ஆனால் வாயில் ஒரு மெழுகுப் படலம் ஒட்டும். சுருளை உயர்த்தாமல் தட்டையாகப் பூசினால் நல்ல பட்டரே போதும்.

ஃபொண்டன்ட்டோடு வரும் இன்னொரு சிக்கலைப் பலர் யோசிப்பதே இல்லை. செம்மறியின் உரோமத்துக்கு ஒட்டும் மார்ஷ்மெலோவிலும் பல ஃபொண்டன்ட் வகைகளிலும் ஜெலற்றின் இருக்கிறது. அது மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலுமிருந்து எடுப்பது. வெள்ளவத்தைப் பாடசாலை வகுப்பில் சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள். பன்றி ஜெலற்றினை முஸ்லிம் வீடு ஏற்காது. ஹலால் முத்திரை இருக்கிறது என்று நிம்மதியாக வாங்கினால் அது மாட்டு ஜெலற்றினாக இருக்கலாம், அதைச் சைவ வீடு ஏற்காது. முட்டை போடவில்லை என்பதால் மட்டும் ஒரு கப் கேக் மரக்கறிப் பண்டம் ஆகிவிடாது. கேக் அடித்துக் கொடுப்பவர்கள் இதைக் கேட்காமலே சொல்ல வேண்டும். ஒரு வகுப்பு முழுவதும் கூச்சமில்லாமல் சேர்ந்து சாப்பிட முடியாத பிறந்தநாள் பண்டத்தில் எவ்வளவு அழகு இருந்து என்ன?

சீனிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 250 கிராம் சீனி போட்ட கலவையில் 24 கப் கேக் வரும் என்று வையுங்கள், தலைக்குப் பத்துக் கிராம். 250 கிராம் பட்டருக்கு அரைக் கிலோ ஐசிங் சீனி, தலைக்கு இன்னும் 21 கிராம். மொத்தம் 31. உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டலின்படி, நாளுக்கு 1500 கலோரி உண்ணும் சிறு பிள்ளைக்குச் சேர்க்கப்பட்ட சீனியின் உச்சம் ஏறத்தாழ 37 கிராம். ஒரு சிங்கத்தோடு அன்றைய கணக்கு முடிந்தமாதிரித்தான். பட்டர் கேக் துண்டு இந்த விசயத்தில் மேல். அதில் ஐசிங் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ மெல்லிதாக இருக்கும், கப் கேக்கிலோ கேக்குக்குச் சரிபாதி உயரத்தில் ஐசிங் ஏறி நிற்கும். வருசத்தில் ஒரு நாள்தானே என்பார்கள். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது முப்பது நாள்.

சாயத்திலும் விலங்குகளுக்கு விலங்கு வித்தியாசம் உண்டு. முயலுக்கும் கோழிக்குஞ்சுக்கும் ஒரு துளி போதும். பண்டாவின் கறுப்புக்கும் பொறிவண்டின் கடுஞ்சிவப்புக்கும் பட்டர் ஐசிங் கைக்கும் அளவுக்குக் கொட்ட வேண்டும். 2007இல் சௌதம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு, சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோவேட்டும் சேர்ந்த கலவை மூன்று வயதுப் பிள்ளைகளிடமும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடமும் துறுதுறுப்பைக் கூட்டுவதாகக் கண்டது. டார்ட்ராசின், சன்செட் யெலோ, கார்மொய்சின் உட்பட ஆறு நிறங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் எச்சரிக்கை வாசகம் கேட்கிறது. வெள்ளை ஃபொண்டன்ட்டை வெண்மையாக்கிய டைட்டானியம் டயொக்சைட்டை 2022இல் உணவிலிருந்தே விலக்கியது. விளைவு எல்லாப் பிள்ளையிடமும் ஒன்றல்ல, பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கொக்கோத் தூளில் கரடியும் குரங்கும் வரும், பீற்றூட் சாற்றில் இளஞ்சிவப்புப் பன்றிக்குட்டி வரும் என்றிருக்க, பண்டாவையே ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்?

ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் அந்நியம் என்று நான் வாதாட மாட்டேன். தெஹிவளை மிருகக்காட்சிசாலை வெள்ளவத்தைக்குப் பக்கத்து வீடு, பிள்ளைகள் அவற்றைக் கண்டு வளர்ந்தவர்கள். ஆனால் வெள்ளவத்தைக் கால்வாயில் நீந்தும் கபரகொய்யா, பல்கனிக்கு வரும் அணில், மதில்மேல் காகம் எல்லாம் ஏன் ஒருபோதும் தட்டுக்கு வருவதில்லை? விற்பனைக்கு வரும் அச்சுகளில் அவை அரிது, அதுதான் காரணம். அச்சு இல்லாத விலங்கு நம் கண்ணிலும் படாமல் போகிறது.

வெட்டும் சடங்கை இழந்தது எனக்கு மெய்யாகவே வருத்தம். முதல் துண்டை வெட்டி அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அம்மம்மாவுக்குத் தீத்துவது இந்தக் கொண்டாட்டத்துக்குள் நம்மவர் சேர்த்துக்கொண்ட அன்பு. கப் கேக்கில் அதற்கு இடமில்லை. அடுக்கின் உச்சியில் சிறு வெட்டும் கேக் ஒன்றை வைக்கும் இன்றைய சமரசம் நல்லது, அதை நிலைநாட்ட வேண்டும். பிள்ளைக்காக உருவம் பிடித்த பண்டம் நமக்கும் உண்டு. முதல் பல் முளைக்கும்போது செய்யும் பல்லுக்கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லாகச் செருகுவோம், பிள்ளையின் தலையில் சொரிவோம், பிறகு எல்லாரும் எடுத்துச் சாப்பிடுவோம். ஒரு சொட்டும் வீணாவதில்லை.

கடைசியாக, இதையெல்லாம் செய்கிற பெண்கள். 2020 ஊரடங்குக் காலத்தில் வீட்டில் கேக் அடித்து விற்கத் தொடங்கியவர்கள் பலர் இன்றும் அதைக் கைவிடவில்லை. 2023இல் பேக்கரிகளுக்காக இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டி வந்த நாட்களையும் அவர்கள் கடந்து வந்திருக்கிறார்கள். கேக்கைக் கிலோவுக்கு விலை கேட்டுப் பழகியவர்கள் நாம். எடை குறைந்த கப் கேக்குக்கு விலை கூடச் சொன்னால் முகம் கோணுகிறோம். மா, சீனி, பட்டர், முட்டை என்று அவர்கள் கணக்கெழுதும் கொப்பியில் மணித்தியாலத்துக்கு ஒரு நிரல் இருப்பதில்லை. ஃபொண்டன்ட் முகம் ஒன்றுக்கு இருபது நிமிடம் என்றால் 24 முகத்துக்கு எட்டு மணித்தியாலம். முன்கூட்டியே செய்து வைத்தால் வியர்க்கும் என்பதால் அதில் பெரும்பகுதி விருந்துக்கு முந்திய இரவில்தான் விழும். விலையைக் குறைக்கச் சொல்லாமல் முகங்களைக் குறைக்கச் சொல்லலாம். பட்டர் ஐசிங்கில் ஆறு சிங்கம், மற்றப் பதினெட்டும் மெல்லிய பூச்சோடு வெறுமையாக, பக்கத்தில் ஒரு கோப்பை சொக்லேட் துளி. கண்ணையும் மூக்கையும் வந்த பிள்ளைகள் வைத்துக்கொள்வார்கள். கேக் அடித்தவரும் நேரத்தோடு படுத்திருப்பார்.