தையல் தெரியாத வண்டிகள்

சித்ரோயன் டிஎஸ் கார் பற்றி ரோலன் பார்த் எழுதிய சிறு கட்டுரை (1957இல் வந்த 'மித்தாலஜீஸ்' நூலில் இருக்கிறது) வழவழப்பைப் பற்றிப் பேசுகிறது. மனிதக் கை ஒட்டவைத்த தடயம் மறையும்போதுதான் பண்டம் வானத்திலிருந்து இறங்கியதாகத் தோற்றம் கொள்கிறது. சரி. ஆனால் அவர் பார்த்தது ஆலையிலிருந்து முழுசாக வந்த கார். வந்த பிறகு நடுவில் அறுத்து நீட்டப்படும் அமெரிக்க லிமோசினையும், அதேபோல் மாற்றிக் கட்டப்படும் பிணவண்டியையும் இந்த வாசிப்புக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

செய்முறை எளிது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே காரை இரண்டாக அறுக்கிறார்கள். இரண்டு பாதியையும் விலக்கிவைத்து இடையில் எஃகுச் சட்டம் வைத்து வெல்டிங். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஒயர், பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு எல்லாவற்றையும் நீட்டியாக வேண்டும். லிங்கன் டவுன் கார் இதற்குப் பேர்போனது (2011இல் உற்பத்தி நின்றது). உடல் வேறு, சட்டகம் வேறு என்றிருந்ததால் அறுக்கத் தோதான வண்டி. கூரையிலுள்ள வெட்டுத்தழும்பை வினைல் உறை மூடிவிடும். பிணவண்டியில் இன்னொரு வேடிக்கை: பக்கவாட்டில் எஸ் எழுத்துபோல் வளைந்து பளபளக்கும் அந்தக் கம்பி. குதிரைவண்டியின் மடக்குக்கூரைக் கீலை அது போலி செய்கிறது. அதற்கு எந்த வேலையும் கிடையாது, எதையும் மடக்காது. வேலையற்ற உறுப்பு மரியாதையின் குறியாக மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஆக, வெட்டு மறைக்கப்படுகிறது, நீளம் காட்டப்படுகிறது. கப்பல் மாதிரி கார் என்று நாம் சொல்வோமே, அந்த நீளம். பெரும்பாலும் இதில் ஏறுகிறவர் இதன் சொந்தக்காரர் இல்லை. பள்ளிக்கூட நடன இரவு, கல்யாணம், பிறந்தநாள் என்று சில மணி நேர வாடகைக்கு வர்க்கத்தை வாங்குகிறவர். டிரைவருக்கும் அவருக்கும் நடுவில் தடுப்புக் கண்ணாடி வேறு.

ஆனால் இந்த நீளத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1970களின் இறுதிவரை அமெரிக்காவில் ஒரே வண்டி பிணவண்டியாகவும் ஆம்புலன்ஸாகவும் ஓடியது. தரையிலுள்ள உருளைகளைப் புரட்டிப் போட்டு, மேலே சிவப்பு விளக்கைப் பொருத்தினால் ஆம்புலன்ஸ். 1966இல் அந்நாட்டு அறிவியல் அகாதமியின் அறிக்கை, ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியைச் சவ அடக்கத் தொழில் செய்யும் 12,000 பேர்தான் நடத்துவதாகச் சொன்னது. காரணம் மருத்துவ அறிவு இல்லை. படுக்கவைக்கிற நீளம் அவர்களுடைய வண்டியில்தான் இருந்தது! பிழைத்தால் ஒரு கூலி, செத்தால் அதைவிடப் பெரிய கூலி.

எல்லா உடலுக்கும் அந்த நீளமும் கிடைக்கவில்லை. நிறப்பிரிவினை நடந்த தெற்கில் வெள்ளையர் நிறுவனங்கள் கறுப்பர்களை ஏற்ற மறுப்பது சாதாரணம். 1965இல் செல்மாவில் பாலத்தின்மீது போலீஸ் அடித்து நொறுக்கியபோது, காயம்பட்டவர்களைச் சுமந்தவற்றில் கறுப்பர் நடத்திய சவ அடக்க நிலையங்களின் வண்டிகளும் இருந்தன. வடக்கும் யோக்கியமில்லை. பிட்ஸ்பர்கில் கறுப்பர் பகுதிக்குப் போலீஸ் வேன்தான் வரும். முதலுதவி எதுவும் கிடையாது. 1967இல் அங்கே கறுப்பு இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ், நவீன ஆம்புலன்ஸ் சேவைக்கே முன்மாதிரியானது. 1975இல் நகர நிர்வாகம் அதை மூடித் தன் சேவையைத் தொடங்கியது. அழகியல் பேசும் கார் விமர்சகர்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

மறைத்த தையல் எங்கே பிரியும்? 2018 அக்டோபர் 6, நியூயார்க் மாநிலம் ஸ்கோஹாரி. 2001ஆம் ஆண்டின் ஃபோர்டு எக்ஸ்கர்ஷன், நீட்டப்பட்ட வண்டி. குடித்துவிட்டு நாமே ஓட்ட வேண்டாம் என்று அதை வாடகைக்கு எடுத்த பிறந்தநாள் கூட்டம், 17 பேர். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. 17 பேரும் டிரைவரும் பாதசாரிகள் இருவருமாக 20 சாவு. வண்டியை ஓட்டக்கூடாதென்று முந்தின மாதமே ஆய்வாளர்கள் உத்தரவிட்டிருந்தார்கள். நிறுவனத்தை நடத்தியவருக்கு 2023இல் 5 முதல் 15 ஆண்டு சிறை. மாநிலத்தின் மேற்பார்வை ஓட்டையையும் விபத்து விசாரணை வாரியம் சுட்டியது, அதற்கு யாரும் உள்ளே போகவில்லை. லிமோசினாக மாற்றப்படும் வண்டிகளுக்கு பெல்ட், இருக்கை உறுதி பற்றி விதி வகுக்கச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் 2021இல்தான் வந்தது. வினைல் உறையும் தடுப்புக் கண்ணாடியும் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தன.